மென்மையாகத்தான் இருக்க வேண்டுமா பெண்ணின் பெயர்?

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 'காலனி' என்னும் சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அச்சொல் நீக்கப்படும் என்பதே அவ்வறிவிப்பு. ஒரு சொல்லை நீக்கினால் சாதி ஒழிந்துவிடுமா என்று அப்போது பலர் கேட்டனர். ஒழியாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் பெயரில் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள், தம் பெயரால் ஒருநாளும் சிறுமைப்படாதவர்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள்.

குடியிருப்பின் பெயரை அரசு மாற்றலாம். அக்குடியிருப்பில் பிறக்கும் குழந்தையின் பெயரை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பகுதிகளில் சட்ட உதவிப் பணி செய்துவரும் எங்களிடம், பெயர் குறித்த ஐயங்களோடு இளம் பெற்றோர் அவ்வப்போது வருகின்றனர். தொழிற்பேட்டையில் வேலை செய்வோர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எனப் பலரும் அவர்களுள் உண்டு. தம் பெண் குழந்தைக்கு விடுதலை, வெற்றி, அறிவு, புகழ், பீமா என்று பெயரிட விரும்புகிறார்கள். வீட்டில் எழும் முதல் எதிர்ப்பு ஒரே மாதிரியானது: "ஆம்பளப் பேரா இருக்கே, கூப்பிடவே ஒரு மாதிரியா இருக்கே." பதிவு செய்யப் போகுமிடத்திலோ, பின்னால் 'செல்வி' என்றோ 'ஸ்ரீ' என்றோ சேர்த்துக்கொள்ளுமாறு கேட்காமலே அறிவுரை கிடைக்கிறது. அப்படிச் சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா என்பதே அவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி.

சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மனு வகுத்த பெயர் இலக்கணம்

பெயருக்கும் சாதிக்கும் உள்ள உறவை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் நூல் மனுநீதி. அதன் இரண்டாம் அத்தியாயம் பெயர் சூட்டும் விதிகளை வகுக்கிறது. பார்ப்பனரின் பெயர் மங்கலத்தையும், சத்திரியரின் பெயர் வலிமையையும், வைசியரின் பெயர் செல்வத்தையும் குறிக்க வேண்டும். சூத்திரரின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும். வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டோருக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

அடுத்த ஓரிரு அடிகளிலேயே பெண்ணின் பெயருக்கும் விதி வருகிறது. அது எளிதில் உச்சரிக்கத்தக்கதாய், கடுமையற்றதாய், மனத்தைக் கவர்வதாய், மங்கலமாய், நெடிய உயிரோசையில் முடிவதாய் இருக்க வேண்டுமாம். மூன்றாம் அத்தியாயம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. விண்மீன், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு ஆகியவற்றின் பெயரையோ, தாழ்த்தப்பட்ட சாதியின் பெயரையோ, அடிமையைக் குறிக்கும் பெயரையோ, அச்சம் தரும் பெயரையோ கொண்ட பெண்ணை மணக்கக் கூடாது என்கிறது.

இந்தப் பட்டியலைத் தமிழ்நாட்டில் நின்று படித்துப் பாருங்கள். காவேரி, பொன்னி, முல்லை, குயிலி, நாகம்மாள் என நம் பாட்டிகளின் பெயர்களில் பாதி இதில் அடிபட்டுப் போகும். ஆற்றோடும் மரத்தோடும் பறவையோடும் வாழ்ந்த உழைக்கும் மக்களின் பெயர் வழக்கமே அந்நூலுக்கு மணத்துக்குத் தகாததாய்த் தோன்றுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூத்திரனின் பெயர் இழிவாக இருக்க வேண்டும் என்ற விதியும் பெண்ணின் பெயர் மென்மையாக இருக்க வேண்டும் என்ற விதியும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. ஒருவரை எந்த இடத்தில் வைக்க விரும்புகிறோமோ அந்த இடத்தைப் பெயரிலேயே எழுதிவிடுவதுதான் இரண்டுக்கும் பொதுவான நோக்கம். முதல் விதியை எதிர்த்து நம் முன்னோர் நெடுங்காலம் போராடினர். இரண்டாவது விதியை நம்மில் பலர் 'அழகான பெயர்' என்ற பெயரில் இன்றும் பின்பற்றிக்கொண்டிருக்கிறோம். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எரிக்கப்பட்ட நூலில் இந்த இரண்டு விதிகளும்தான் இருந்தன.

இழிபெயரும் வேண்டாப்பெயரும்

குப்பன், குப்பம்மாள், மண்ணாங்கட்டி, பிச்சை, அமாவாசை முதலிய பெயர்களைப் பழைய ஆவணங்களில் நாங்கள் இன்றும் காண்கிறோம். இவை அனைத்தையும் சாதி இழிவு என்று ஒரே கூடையில் போட்டுவிட முடியாது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், இந்தக் குழந்தையாவது தங்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்து அப்பெயரைச் சூட்டும் வழக்கம் பல சாதிகளிலும் இருந்தது. அது அச்சத்தில் பிறந்த அன்பு. வேறுபாடு எங்கே இருந்தது என்றால், மற்றவர்களுக்கு அது விருப்பம். நம்மவர்க்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளும் உரிமையே பல ஊர்களில் இல்லை. 'சாமி' என முடியும் பெயரை வைத்தாலும் அந்தச் 'சாமி'யை விட்டுவிட்டுத்தான் ஆதிக்க சாதியினர் அழைப்பார்கள். அறுபது வயது மூதாட்டியையும் பண்ணையார் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் 'அம்மாள்' விகுதியின்றி வெறும் பெயர் சொல்லி ஏவுவான்.

பெண் என்பதற்காகவே சூட்டப்படும் இழிபெயர்கள் வேறு வகை. ஆவடியும் பூவிருந்தவல்லியும் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணியை அடுத்த நாராயணபுரம் கிராமத்தில், அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் 'வேண்டாம்' என்று பெயர் வைக்கும் வழக்கம் இருப்பது 2019இல் நாடெங்கும் செய்தியானது. அவ்வாறு பெயரிட்டால் அடுத்த குழந்தை ஆணாய்ப் பிறக்கும் என்பது நம்பிக்கை. அப்பெயரைச் சுமந்து பொறியியல் படித்து முன்னேறிய மாணவி ஒருவரைப் பெண் குழந்தைகள் நலத் திட்டத்தின் முகமாக மாவட்ட நிர்வாகம் அப்போது முன்னிறுத்தியது. தமிழகத்தின் பிற பகுதிகளில் 'போதும்பொண்ணு' என்ற பெயருக்கும் இதே கதைதான்.

மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 'நகுசா' என்ற பெயர் தாங்கிய சிறுமிகள் இருந்தனர். அதன் பொருளும் 'வேண்டாதவள்' என்பதே. 2011 அக்டோபரில் அங்கே 285 சிறுமிகளுக்கு அரசு விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டிச் சான்றிதழ் வழங்கியது. அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தனர். வேண்டாம் என்று பெயர் வைக்கப்பட்டவளாவது உயிரோடு இருந்தாள். பெயர் வைக்கும் நாள் வரையிலும் விடப்படாதவர்களின் கணக்கே அந்த எண்ணில் மறைந்திருக்கிறது.

இன்று புறநகர்ப் பகுதிகளில் இழிபெயர்கள் அநேகமாக மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் சோதிடர் எழுதிக் கொடுக்கும் நட்சத்திர எழுத்தும், எண் கணிதமும், பொருள் விளங்காத வடமொழி ஓசைகளும் வந்துள்ளன. நம் மக்கள் இத்தகைய பெயர்களை நாடுவதை ஏளனம் செய்ய நாம் விரும்பவில்லை. பள்ளியில் பெயரைச் சொன்னதும் சாதியை ஊகித்துவிடக் கூடாது என்ற பெற்றோரின் பதைப்பு அதில் இருக்கிறது. ஆனால் இழிபெயரிலிருந்து தப்பித்து நாம் போய்ச் சேர்ந்த இடம், மனு பெண்ணுக்கு வகுத்த அதே மென்மையான, மங்கலமான, நெட்டோசையில் முடியும் பெயர்தான் என்பதை மறந்துவிடலாகாது.

பெயரை மாற்றியவர்களின் மரபு

பெயர் அரசியல் நமக்குப் புதிதன்று. 1845இல் பிறந்த காத்தவராயன், தம் ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக ஏற்று அயோத்திதாசரானார். பஞ்சமர் முதலான பெயர்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என வழங்க வேண்டும் என்று எம்.சி. ராஜா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், 1922இல் அரசாணையாயிற்று. 'அரிசன்' என்னும் பெயரைச் சட்டத்தில் புகுத்த முனைந்தபோது, 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தனர். இரக்கத்தோடு பிறர் சூட்டும் பெயரைவிட, நாமே தேர்ந்துகொள்ளும் பெயரே மாண்புடையது என்பதுதான் அந்த வெளிநடப்பின் பொருள்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடக் கோரியது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்ததும் அதே மாநாடுதான். இன்றைய அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பதை நம் இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் சூட்டினார் தந்தை பெரியார். ஆணுக்கா பெண்ணுக்கா என்று பெயரே காட்டிக்கொடுக்காத அப்பெயர்களில் கடவுளும் இல்லை, சாதியும் இல்லை. நம் காலத்தில், இராமசாமி என்ற தம் தந்தைக்குத் தொல்காப்பியன் எனப் பெயர் சூட்டி, அதன் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இட்டுக்கொண்டார் தொல். திருமாவளவன். மகன் தந்தைக்குப் பெயரிட்ட அந்நிகழ்வு, பெயர் என்பது மேலிருந்து இறங்கி வருவது மட்டுமன்று என்பதைக் காட்டியது.

பெண்ணின் பெயர் பெண்மையைக் காட்டியே ஆக வேண்டும் என்பது தமிழ் மரபும் அன்று. சங்கப் புலவர்களுள் பெண்கள் எத்தனை பேர் என்பதில் அறிஞரிடையே இன்றுவரை ஒத்த கருத்தில்லை. 'ஆர்' என்னும் உயர்வு விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே வந்ததால், பல பெயர்களை வைத்துப் பால் பிரிக்க முடியவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். அன்பு, தமிழ், மதி, சுடர், எழில், முகில், கதிர் எனப் பாலடையாளம் அற்ற பெயர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம், என்ன பெயர் வைக்கக் கூடாது என்று எந்தப் பட்டியலையும் தரவில்லை. பிறப்பு அறிக்கைப் படிவத்தில் பாலினத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. பாலினத்தைப் பெயரும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. பெயர் பெண்மையாக இல்லை என்று கூறிப் பதிவை மறுக்கும் அதிகாரத்தைச் சட்டம் பதிவாளருக்கு வழங்கவில்லை.

வேறு நாடுகளில் இதற்காக வழக்காட வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஒரு பெண் குழந்தைக்குக் 'கிரண்' என்ற இந்தியப் பெயரைச் சூட்டப் பெற்றோர் விரும்பியபோது, அது பாலினத்தைத் தெளிவாகக் காட்டவில்லை என்று பதிவு அலுவலகம் மறுத்தது. 2008 டிசம்பரில் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் பெற்றோரின் பக்கம் நின்றது. குழந்தையின் நலனுக்குக் கேடு இல்லாதவரை, பெயர் பாலினத்தைக் காட்ட வேண்டும் என்று வலியுறுத்த முடியாது எனத் தீர்ப்பளித்தது. ஐஸ்லாந்தில் ஆண்பெயர் எனக் கருதப்பட்ட ஒரு பெயரைத் தாங்கும் உரிமையை ஒரு சிறுமி 2013இல் நீதிமன்றத்தில் வென்றாள். 2019இல் அந்நாடு பெயர்களுக்கான பால் வரையறையையே நீக்கியது.

இந்திய நீதிமன்றங்களும் பெயரை அடிப்படை உரிமையோடு இணைத்துப் பேசத் தொடங்கியுள்ளன. 2021 சூனில் ஜிக்யா யாதவ் வழக்கில், பெயர் ஒருவரின் அடையாளத்தோடு பிரிக்க இயலாதது; அதன்மீதான கட்டுப்பாடு அவருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அரசமைப்பின் 19(1)(அ), 21 ஆகிய கூறுகளின் வழியே அவ்வுரிமையை அது நிறுவியது. நமக்கு இன்னும் நெருக்கமானது 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. செருப்புத் தொழிலோடு இணைத்து இழிவாகப் பார்க்கப்பட்ட தம் குடும்பப் பெயரைத் தந்தை மாற்றிக்கொண்டதால், தம் பள்ளிச் சான்றிதழ்களில் அதைத் திருத்தித் தருமாறு சகோதரர் இருவர் கோரினர். கல்வி வாரியம் மறுத்தது. களங்கம் சுமத்தும் சாதி அடையாளத்தோடு கட்டுண்டு கிடக்காமல் இருக்கும் உரிமை, மாண்போடு வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் தீர்த்தது. பெயர் மாறுவதால் வேறு சாதிக்குரிய பயனைக் கோர முடியாது என்பதையும் அது தெளிவுபடுத்தியது.

மறைக்கும் பெயரா, அறிவிக்கும் பெயரா?

நம் தோழர்களிடையே இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. சாதி தெரியாத பெயரை வைப்பது ஒளிந்துகொள்வதாகும்; பீமா, சாவித்திரிபாய் என்று வைப்பதே நிமிர்ந்து நிற்பதாகும் என்பர் சிலர். நிமிர்ந்து நிற்பதன் விலையைக் குழந்தை ஏன் செலுத்த வேண்டும் என்பர் வேறு சிலர்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் வேறுபாடு இல்லாத விண்ணப்பங்களை உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் அவர்கள் அனுப்பினர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. பெயர் ஒன்றே பசியாகவும் சோறாகவும் மாறும் நாட்டில், மறைக்கும் பெயரைத் தேடும் பெற்றோரைக் கோழைகள் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. தமிழ்நாட்டில் குடும்பப் பெயருக்குப் பதிலாகத் தலைப்பெழுத்து வழங்குவதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் சொந்த ஊர், தெரு, பள்ளி என்று அடுத்தடுத்துக் கேட்டுச் சாதியை அறிந்துகொள்ளும் கலையை நம் சமூகம் நன்கு கற்றிருக்கிறது.

எங்கள் நிலைப்பாடு இதுதான். மறைப்பதா அறிவிப்பதா என்பது ஒவ்வொரு குடும்பமும் தன் சூழலுக்கேற்ப எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் பெண் குழந்தையின் பெயர் குழைவாய், அடக்கமாய், காதுக்கு இதமாய் இருந்தாக வேண்டும் என்ற விதியை மட்டும் எந்தச் சூழலிலும் ஏற்க வேண்டியதில்லை. 'சுடர்' என்ற பெயரில் சாதி தெரியாது, பணிவும் தெரியாது. 'விடுதலை' என்ற பெயரை உரக்கக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அத்தெரு ஒரு சொல்லைப் பழகிக்கொள்கிறது.

இயக்கத்துக்குள்ளேயும் சிலவற்றைக் கேட்க வேண்டியுள்ளது. மேடையில் தலைவரிடம் குழந்தையை நீட்டிப் பெயர் சூட்டச் சொல்வது நம் பகுதிகளில் பெருமையாகக் கருதப்படுகிறது. தலைவர் பெயரை அறிவிக்கிறார். தந்தை மேடையில் நிற்கிறார். பத்து மாதம் சுமந்தவள் கூட்டத்தில் அமர்ந்து ஒலிபெருக்கியின் வழியே தன் குழந்தையின் பெயரைத் தெரிந்துகொள்கிறாள். அவளைக் கேட்காமல் வைக்கப்படும் பெயர் எத்துணைப் புரட்சிகரமானதாயினும், வைத்த முறை பழையதுதான். அதுபோலவே, மகளுக்கு 'வெற்றி' என்று பெயரிட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மணம் முடிப்பவர், பெயரை ஓர் அலங்காரமாக மட்டுமே கருதுகிறார். குழந்தை நம் கொள்கையின் கொடிக்கம்பம் அன்று. பெயரைக் கொடுப்பது பெற்றோரின் உரிமை என்றால், வளர்ந்தபின் அதை வைத்துக்கொள்வதும் மாற்றுவதும் அவளது உரிமை. மாற்றினால் அதைக் கொள்கைத் துரோகம் என்று யாரும் பேசலாகாது.

கேலிக்கு ஆளாவாளே என்ற அச்சத்துக்கும் விடை சொல்ல வேண்டும். கேலி உண்மைதான். ஆனால் கேலியைத் தடுக்க வேண்டிய பொறுப்பு பள்ளிக்கு உரியதே தவிரப் பெயருக்கு உரியதன்று. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்டு 2024இல் அறிக்கை அளித்த நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும், ஆசிரியர்கள் மாணவரைச் சாதியைச் சுட்டி அழைக்காதிருக்கவும் பரிந்துரைத்தது. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவின்படி குற்றம். மாணவர் அமைப்புகள் இவ்விரண்டையும் தம் வளாகங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரை உடனே முடிவு செய்ய வேண்டியதில்லை. பெயரின்றிப் பதிந்து, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். எனவே வீட்டில் பேசி முடிவெடுக்கப் போதிய காலம் உண்டு. ஒருமுறை பதிந்துவிட்டால், எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர முழுப் பெயரையும் மாற்றுவது எளிதன்று. அதற்கு அரசிதழ் வழியே நெடிய நடை நடக்க வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசுப் பணி முதலியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. ஆகவே அதில் உள்ள எழுத்துகள் வாழ்நாள் முழுதும் தொடரும். அறிவு, புகழ், எழில் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் பலர் பலவாறு எழுதுவர். குறிப்பாக 'ழ' வரும் பெயர்களுக்கு எந்த எழுத்துக்கூட்டு என்பதை முதலிலேயே தீர்மானித்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு ஆகிய நான்கிலும் ஒரே மாதிரி எழுதச் செய்யுங்கள். ஓர் எழுத்து மாறியதால் கல்வி உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோன மாணவியரை நாங்கள் பார்த்திருக்கிறோம். இ-சேவை மையத்தில் தட்டச்சுச் செய்பவர் தாமாக 'ஸ்ரீ' சேர்த்தால், அதை அங்கேயே நீக்கச் சொல்லுங்கள். பதிவு செய்ய மறுத்தால், காரணத்தை எழுத்தில் தருமாறு கேளுங்கள். சட்டத்தில் இல்லாத காரணத்தை எழுத்தில் தர எந்த அலுவலரும் எளிதில் துணிவதில்லை.

தலைப்பெழுத்தையும் மறந்துவிட வேண்டாம். தனித்து வாழும் தாயின் குழந்தைக்குத் தந்தையின் பெயரைக் கேட்டுப் பிறப்புச் சான்றிதழை மறுக்கக் கூடாது என 2015இலும், தந்தை இறந்தபின் குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என 2022இலும் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. மகளுக்கு அஞ்சாத பெயரைத் தேடும் தந்தையர், அப்பெயருக்கு முன்னால் வரும் எழுத்து ஏன் எப்போதும் தமதாகவே இருக்கிறது என்பதையும் வீட்டில் பேசலாம்.

'காலனி' என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து அழியலாம். அங்கே பிறக்கும் பெண்ணை இந்தச் சமூகம் எப்படி அழைக்கப் போகிறது என்பது அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டிய ஒன்றன்று. 12 மாதக் காலம் இருக்கிறது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. தாயையும் சேர்த்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.